அஞ்சரை மணி அத்தியாயம்

விடியற்காலை ஐந்தேகாலுக்கு எங்கள் வீட்டு மேஜைக்கு மூன்று பொருள் வந்துவிடும். ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு புத்தகம், கடலை மாவு போட்டு வைக்கிற எவர்சில்வர் டப்பா. டப்பாவின் மேல் போனைச் சாய்த்தால் என் முகம் சரியாக விழும். ஐந்தரை ஆனால் டொரன்டோவில் முந்தின நாள் ராத்திரி எட்டு மணி. பல் தேய்த்துவிட்டுப் பேத்தி கட்டிலில் ஏறியிருப்பாள். வயது ஏழு.

"தாத்தா, நேத்து எங்க விட்டோம்னு நீ சொல்லாத. நான்தான் சொல்வேன்."

எனக்குப் பொழுது விடிகிறது, அவளுக்குப் பொழுது முடிகிறது.

நான் சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் குறிப்பது வேலை. நாலு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. பிறந்தது ராயபுரம், குடியிருப்பது திருவொற்றியூர். காலை ஷிப்டுக்கு ஓடிப் பழகிய உடம்பு, ஓய்வு பெற்ற பிறகும் நாலரைக்கே எழுப்பிவிடும். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் பால்கனியில் நின்று, விரைவுச் சாலையில் போகிற கண்டெய்னர் டிரெய்லர்களை எண்ணிக்கொண்டிருந்த ஆள் நான். அந்த நேரத்துக்கு இப்போது வேலை கிடைத்திருக்கிறது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் வீடியோ கால் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "சாப்டியா?" "சாப்டேன்." "ஸ்கூல் எப்படி?" "நல்லாருக்கு." "தாத்தாவுக்கு ஒரு பாட்டு பாடு." அவ்வளவுதான், குழந்தை நழுவிவிடும். அதன் பிறகு திரையில் கூரையும் ஜன்னல் விளிம்பும்தான் தெரியும். மகள் தூரத்திலிருந்து, "வாடி, தாத்தா பாவம்" என்பாள். அந்தப் "பாவம்" எனக்கு உறைத்தது. குழந்தை மேல் தப்பில்லை. ஒரே கேள்வியைத் தினமும் கேட்டால் பெரியவர்களே போனை வைத்துவிட்டு ஓடுவார்கள். எங்களுக்குள் பேச ஒரு விஷயம் இல்லை, அதுதான் சங்கதி.

ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனபோது ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கினேன். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கும் 'டோட்டோ-சான்'. ஒன்று எனக்கு. இன்னொன்று, கனடாவுக்குப் படிக்கப் போன பக்கத்து வீட்டுப் பையனின் பெட்டியில், ஊறுகாய் பாட்டிலுக்கும் வடாம் பொட்டலத்துக்கும் நடுவில் போய்ச் சேர்ந்தது.

தொடரும் என்ற வித்தை

படக்கதைப் புத்தகம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டிச் சொல்வதற்கு அது நல்ல பொருள். போனில் படம் சின்னதாகத் தெரியும், கை ஆடும், விளக்கு வெளிச்சம் தாளில் பட்டுக் கண் கூசும். அத்தியாயம் அத்தியாயமாகப் போகிற கதை நம்பியிருப்பது காதை. போன் நன்றாகச் செய்கிற வேலையும் அதுதான், குரலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதைவிட முக்கியம், இன்றைக்கு நிறுத்திய இடத்தில் நாளைக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கும்.

தமிழ்நாட்டுக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1950இல் கல்கி பத்திரிகையில் தொடங்கிய பொன்னியின் செல்வனை 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படித்த வீடுகள் நம்முடையவை. ஒருவர் படிக்க, பாட்டி முதல் பொடிசு வரை கேட்கும். தினத்தந்தியில் 1960இல் ஆரம்பித்த கன்னித்தீவு பேரன் பேத்தி காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம். பிறருக்கு வாசித்துக்காட்டக் கற்றுக்கொடுத்தது ராயபுரத்தில் ஒரு சலூன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எழுத்து தெரியாது. அவர் கூட்டாளிகளிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டப் போனால் பெஞ்சில் பேப்பர் கிடக்கும். எனக்குப் பத்து வயசு. 1967 தேர்தல் சமயம். "டேய், நீ படிக்கிற புள்ளதான, சத்தமா படி" என்று பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். செய்தியை மளமளவென்று ஒப்பித்தேன். யாரும் விடவில்லை. "நிறுத்து, நிறுத்து. இன்னா சொன்னான்? இன்னொரு தபா படி." ஒரு வரிக்கு மூன்று பேர் மூன்று அபிப்பிராயம். அது முடிந்தால்தான் அடுத்த வரி. கடைசியில் கன்னித்தீவு சிந்துபாத்துக்கு அன்றைக்கு என்ன ஆச்சு என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன். கட்சிப் படிப்பகங்களிலும் சங்க ஆபீசிலும் அப்போது இதே காட்சிதான். ஒருவர் படிப்பார், பத்துப் பேர் படித்தவர்களாகிவிடுவார்கள்.

என் பேத்தியும் என் அப்பாவின் ஜாதிதான். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. அறுபது வருஷம் கழித்து அதே பெஞ்சில் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்கிற பிள்ளையும் பார்க்கிற பிள்ளையும்

மகளுக்கு ஒரு கவலை இருந்தது. "படுக்கப் போற நேரத்துல ஸ்க்ரீன் வேணாம்னு சொல்றாங்கப்பா." நியாயமான கேள்வி. ஆனால் திரை என்றால் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் கொடுத்த அறிவுரையில், ஒன்றரை வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் திரையே காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு விலக்கு வைத்தது. அது வீடியோ கால்.

காரணம் புரிய ஒரு ஆய்வைச் சொல்கிறேன். சாரா ரோஸ்பெரி, கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்டா கோலின்காஃப் என்ற மூன்று பேர் 2014இல் வெளியிட்டது. இரண்டிலிருந்து இரண்டரை வயதுக் குழந்தைகள் 36 பேர். சிலருக்குப் புதுச் சொற்களை ஒருவர் நேரில் கற்றுக்கொடுத்தார். சிலருக்கு வீடியோ கால் வழியாக. மீதிப் பேருக்கு, இன்னொரு குழந்தையோடு பேசிய வீடியோ காலைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். நேரில் கேட்டவர்கள் கற்றார்கள், வீடியோ காலில் கேட்டவர்களும் கற்றார்கள். பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. திரை அதே திரைதான். குழந்தை சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கவும், குறுக்கே கேட்டால் நின்று பதில் சொல்லவும் அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்தாரா என்பதுதான் வித்தியாசம். சலூனில் "நிறுத்து, நிறுத்து" என்றார்களே, அதேதான்.

பதிவும் வீண் என்று சொல்ல மாட்டேன். நான் வேலை பார்த்த காலத்தில் கப்பல் கட்டியதும் ஏணியில் இறங்குகிற மாலுமிகள் முதலில் கேட்கிற கேள்வி, "போன் எங்கே?" என்பதுதான். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு ஏறும்போது கதையா படிக்க முடியும்? அமெரிக்காவில் 1989இல் 'யுனைட்டெட் த்ரூ ரீடிங்' என்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். கடலுக்குப் போகிற கடற்படைக்காரர்கள் புத்தகம் வாசிப்பதைப் படம் பிடித்து அவர்கள் பிள்ளைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. இங்கிலாந்தில் 'ஸ்டோரிபுக் டாட்ஸ்' என்ற அமைப்பு சிறையில் இருக்கும் அப்பாக்களின் குரலில் கதை பதிவு செய்து வீட்டுக்குச் சேர்க்கிறது. நேரலை கிடைக்காதவனுக்குப் பதிவே தெய்வம். கிடைக்கிறவன் நேரலையில் படிப்பதுதான் மரியாதை.

டப்பா, வெளிச்சம், மூன்று எண்ணிக்கை

தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்காவது நேரம் மிச்சமாகும்.

முதல் நாள் புத்தகத்தைப் போனுக்குக் காட்டினேன். என் திரையில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தது. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்தேன், கடைசியில் கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பு. முன்பக்கக் கேமரா நம் முகத்தை நமக்கு மட்டும்தான் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். எதிரில் இருப்பவருக்கு நேராகவே தெரியும். பத்து நிமிஷம் கோமாளி வேஷம் போட்ட பிறகு மகள் சொன்னாள்.

முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் நாம் கறுப்பு நிழல். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். படம் காட்ட வேண்டிய பக்கம் வந்தால், பின்பக்கக் கேமராவுக்கு மாற்றிப் புத்தகத்துக்கு மேலே பிடித்துவிடுவேன். இரண்டு பக்கமும் பிரதி இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. "பக்கம் நாற்பது" என்றால் போதும், அவளே திருப்புவாள். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். அதனால் இரண்டு பேரும் சேர்ந்து பாடவோ சேர்ந்து படிக்கவோ முயலாதீர்கள், சந்தைக் கடையாகிவிடும். கேள்வி கேட்டால் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுக் காத்திருங்கள். நாம் பொறுமையில்லாமல் அடுத்த வார்த்தையை எடுக்கிற நேரத்தில்தான் குழந்தையின் பதில் வந்து மோதும். எண்ணுவது என் தொழில், எனக்குச் சுலபமாக வந்தது.

பத்து நிமிஷத்துக்கு மேல் படிப்பதில்லை. அத்தியாயம் பெரிதாக இருந்தால் பாதியில், அதுவும் கதவு தட்டப்படுகிற இடமாகப் பார்த்து நிறுத்துவேன். அவள் கை சும்மா இருக்காது. வரைந்துகொண்டே கேட்பாள். முகம் திரையில் இல்லையென்றால் கவனம் இல்லை என்று அர்த்தமில்லை. ஒருநாள் பத்து நிமிஷமும் உச்சந்தலையை மட்டும் பார்த்துப் படித்தேன். மறுநாள் ஒரு வரி விடாமல் ஒப்பித்தாள்.

கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். டொரன்டோவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு மணியை ஒன்று முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். அவளுடைய எட்டு மணி வெயில் காலத்தில் எனக்கு ஐந்தரை, குளிர் காலத்தில் ஆறரை. முதல் நவம்பரில் இது தெரியாமல் ஒரு மணி நேரம் டப்பா முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டும் என்றும் இல்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக, வாசிப்பு நிலை பிரித்து இருக்கின்றன. டொரன்டோ பொது நூலகத்திலும் தமிழ்ப் புத்தகம் இரவல் கிடைக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குக் க்ரியா 1981இல் கொண்டுவந்த 'குட்டி இளவரசன்' இருக்கிறது. பழைய புத்தகக் கடையில் வாண்டுமாமா கதைகள் கிடைத்தால் விடாதீர்கள்.

சொல்லிக்கொண்டிருந்தாள், சொல்லிகினு இருந்தா

தொழில்நுட்பத்தைவிடப் பெரிய சிக்கல் தமிழில்தான் இருந்தது. அவளுக்குத் தெரிந்தது வீட்டுப் பேச்சு. புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். "சொல்லிக்கொண்டிருந்தாள்" என்று படித்தால் முகம் சுருங்குகிறது. அதனால் கண்ணால் ஒரு தமிழைப் படித்து வாயால் இன்னொன்றைச் சொன்னேன். என் வாயில் வருவது என்ன தமிழ்? "அந்தப் பொண்ணு ஹெட்மாஸ்டராண்ட பேசிகினே இருந்தா."

இரண்டு வாரத்தில் மகள் போன் செய்தாள். "அப்பா, சனிக்கிழமை தமிழ் வகுப்புல இவ 'இன்னா டீச்சர்'னு கேட்டிருக்கா." அங்கே டீச்சர் யாழ்ப்பாணத்து அம்மா. கோபித்துக்கொள்ளவில்லையாம், சிரித்துவிட்டு "உது எந்த ஊர்த் தமிழ்?" என்று கேட்டிருக்கிறார். பேத்தி நெஞ்சை நிமிர்த்தி, "ராயபுரம்" என்றிருக்கிறாள்.

அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் பத்தியை அச்சில் உள்ளபடியே படிப்பேன். பிறகு எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வேன். நாளாக ஆக முதல் பத்தி இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. இப்போது பாதி அத்தியாயம் புத்தகத் தமிழே ஓடுகிறது. ஒருநாள் பால் வேண்டாம் என்பதற்கு, "எனக்குப் பசிக்கவில்லை, ஆகவே பால் வேண்டாம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "ஆகவே" என்று ஒரு குழந்தை வாயில் கேட்டால் அதன் அழகே வேறு.

ரயில் பெட்டிக்குள் பள்ளிக்கூடம்

டோட்டோ-சானைத் தெரியாதவர்களுக்காக: டெட்சுகோ குரோயாநாகி என்ற ஜப்பானிய அம்மா தன் சிறுவயசைப் பற்றி எழுதியது. அதுவும் முதலில் பத்திரிகைத் தொடராகத்தான் வந்தது, 1981இல் புத்தகமாயிற்று. ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட துறுதுறுப்பான பெண் குழந்தை, டோமோயே என்ற இன்னொரு பள்ளிக்குப் போகிறாள். அங்கே வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே அவள் பேசுவதை நாலு மணி நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் குட்டிக் குட்டி அத்தியாயம், பத்து நிமிஷத்துக்கு அளந்து தைத்தது போல.

ரயில் பெட்டி அத்தியாயம் வந்தபோது, "உங்க ஊர்ல ரயில் இருக்கா தாத்தா?" என்று கேட்டுவிட்டாள். ராயபுரத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா? 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜாவுக்குக் கிளம்பியதே ராயபுரத்திலிருந்துதான். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. மறுநாளே, அது டிசம்பர், ஆறரைக்கு வெளிச்சம் வந்துவிட்டது, ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து அங்கிருந்தே படித்தேன். தூண்களைக் காட்டினேன். என் பின்னால் ஒரு ரயில் காது கிழிய ஊதிவிட்டுப் போனது. "கேட்டுச்சா?" என்றேன் பெருமையாக. "எது தாத்தா?" பேச்சுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற சத்தத்தை வடிகட்டிவிடுகிற வசதி இந்தச் செயலிகளில் இருக்கிறது. ராயபுரத்து ரயிலையே வடிகட்டிவிட்டது. கடைசியில் நானே வாயால் ஊதிக் காட்டினேன். அது போய்ச் சேர்ந்தது. பிளாட்பாரத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

டோமோயே பள்ளியில் மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பது தலைமையாசிரியர் விதி. அது எங்கள் இருவருக்கும் விளையாட்டாயிற்று. நான் காசிமேட்டு நெத்திலியையும் ஊட்டி கேரட்டையும் காட்டுவேன். அவள் மறுநாள் டிபன் டப்பாவைத் திறந்து, "கடல் இல்ல தாத்தா, மலை மட்டும்தான்" என்று உருளைக்கிழங்கைக் காட்டுவாள். "சாப்டியா" என்று நான் கேட்பதே இல்லை. அவளாகவே சொல்கிறாள்.

பெட்டிக்குள் தாத்தா

அந்தக் கதையில் யாசுவாகி என்று ஒரு பையன். போலியோ வந்த கால். மரம் ஏற முடியாதவனை டோட்டோ-சான் ஏணி வைத்து, இழுத்து, வியர்க்க விறுவிறுக்கத் தன் மரத்தில் ஏற்றிவிடுகிறாள். கிளையில் உட்கார்ந்து அவன் ஒரு அதிசயம் சொல்கிறான். அமெரிக்காவில் டெலிவிஷன் என்று ஒரு பெட்டி இருக்கிறதாம், அது வந்தால் வீட்டிலிருந்தே மல்யுத்தம் பார்க்கலாமாம். அவ்வளவு பெரிய மல்லர்கள் சின்னப் பெட்டிக்குள் எப்படி வருவார்கள் என்று அவளுக்கு ஆச்சரியம். அந்தச் சிறுமிதான் பின்னாளில், 1953இல் ஜப்பானில் தொலைக்காட்சி வந்ததும், அதில் முதல் முதலாகத் தோன்றிய நடிகைகளில் ஒருவரானார்.

படித்து முடித்ததும் பேத்தி வரைவதை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "நீ மட்டும் எப்டி போனுக்குள்ள கீற?"

பல அத்தியாயம் கழித்து வந்ததும் எனக்கு முன்கூட்டியே தெரியும். எப்போதும் இரண்டு அத்தியாயம் முன்னால் படித்து வைத்துவிடுவேன், போனில் படிக்கிறவன் கட்டாயம் செய்ய வேண்டியது அது. யாசுவாகி இறந்துபோகிறான். பக்கத்தில் இருந்தால் மடியில் போட்டுக்கொள்ளலாம். பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அழுதால் என் கை போகாது. முதல் நாளே மகளிடம், "நாளைக்கு நீ பக்கத்துல உக்காரு" என்று சொல்லிவைத்தேன். வேண்டாம், தாண்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பக்க எண் அவளிடம் இருக்கிறதே, ஏமாற்ற முடியாது.

மெதுவாகப் படித்தேன். முடிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். பதில் இல்லை. பத்து வரை எண்ணினேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாய் துடித்தது. மகள் திரையில் வேண்டாம் என்று தலையசைத்தாள். அம்மாவின் புடவைத் தலைப்பில் முகம் புதைந்திருந்தது. கீழே தெருவில் பால் வண்டி வந்து, நின்று, கிளம்பிப் போனது.

பிறகு தலை நிமிர்ந்தது. தன் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் கிரேயானால் மரம் வரைந்து வைத்திருந்தாள், அதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"தாத்தா, அந்த மரம் ஏறின கதை."

"அதான் அன்னிக்கே முடிச்சிட்டோமேமா."

"தெரியும். இன்னொரு தபா படி."